கொடைக்கானல் இ-பாஸ்: தாமதம் எங்கே நடக்கிறது? சர்வரிலா, க்யூவிலா?

வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணி. மதுரையில் ஒரு வீடு. காலையில் கொடைக்கானல் கிளம்ப பைகள் தயார். "இ-பாஸ் எடுத்தாச்சா?" என்று உள்ளிருந்து குரல் வருகிறது. கையில் போன், திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம். "சைட் ரொம்ப ஸ்லோ. இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு" என்பது பதில்.

அதே நேரத்தில், ஒரு அரசு இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளரின் திரையில் வேறு ஒரு எண் தெரியலாம்: "ஒரு ரெக்வெஸ்ட்டுக்கு சராசரி 0.2 வினாடி." அவரைக் கேட்டால், "சர்வர் நல்லாத்தானே இருக்கு" என்பார்.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் டிக்கெட், பாஸ், டோக்கன் என்று ஆன்லைனில் க்யூ நிற்கும் இடங்களில் எல்லாம் இப்படி நடக்கலாம். இதில் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்ப்பது இரண்டு வெவ்வேறு கடிகாரங்களை. மலைக்குப் போகும் வண்டிகளுக்கு இணையம் வழியாக அனுமதி என்று ஆகிவிட்ட பிறகு, அந்த இரண்டு கடிகாரங்களுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் சுற்றுலாப் பயணி, டாக்ஸி டிரைவர், மலையில் கடை வைத்திருப்பவர் என எல்லோரையும் தொடுகிறது.

இ-பாஸ் எதற்காக வந்தது?

கோடை சீசனில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறும் வண்டிகளின் எண்ணிக்கை பற்றிய வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரல் இறுதியில் ஓர் உத்தரவு போட்டது. அதன்படி 2024 மே 7 முதல் இரண்டு ஊர்களுக்கும் இ-பாஸ் கட்டாயம் ஆனது. ஆரம்பத்தில் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லை. எத்தனை வண்டி, என்ன வண்டி, எத்தனை பேர், ஒரு நாள் பயணமா, தங்குகிறார்களா என்ற தரவைச் சேர்ப்பதுதான் முதல் நோக்கம். மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் வேலை சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் போனது.

2025 மார்ச்சில் அடுத்த உத்தரவு. ஏப்ரல் 1 முதல் ஜூன் இறுதி வரை, கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள். ஊட்டிக்கு முறையே 6,000, 8,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் இந்தக் கணக்கு கிடையாது.

இந்த வரம்பு வந்தவுடன், இ-பாஸ் தளத்தின் தன்மையே மாறிவிட்டது. முன்பு அது ஒரு பதிவேடு. வரம்புக்குப் பிறகு அது ஒரு கதவு. எந்தக் கதவின் முன்னாலும் கூட்டம் சேர்ந்தால் க்யூ உருவாகும்.

காத்திருப்பு வேறு, வேலை நேரம் வேறு

இதைப் புரிந்துகொள்ள மலை அடிவாரத்தில் இருக்கும் பழனிக்குப் போனால் போதும். பழனி மலைக்கோயிலுக்கு ஏற வின்ச் உண்டு, ரோப் கார் உண்டு. ரோப் காரில் மேலே போக சுமார் 3 நிமிடம், வின்ச்சில் சுமார் 8 நிமிடம். தைப்பூச சமயத்தில் போய் வந்தவரிடம் "எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டால், 3 நிமிடம் என்றோ 8 நிமிடம் என்றோ யாரும் சொல்ல மாட்டார்கள். வரிசையில் நின்ற நேரத்தைத்தான் சொல்வார்கள்.

ரோப் கார் ஓடும் 3 நிமிடம் வேலை நேரம். அதற்கு முன்னால் வரிசையில் நிற்பது காத்திருப்பு நேரம். பக்தருக்கு இரண்டும் சேர்ந்ததுதான் மொத்த நேரம். கூட்டம் பத்து மடங்கு ஆனாலும் ரோப் கார் அதே 3 நிமிடத்தில்தான் போகும். ஆகவே ரோப் காரை மட்டும் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தால், கூட்டமே இல்லாத நாளும் தைப்பூசமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

வெப் சர்வரிலும் இதே கதைதான். போனில் பட்டனை அழுத்தியதும் ஒரு ரெக்வெஸ்ட் கிளம்புகிறது. சர்வரில் அதைக் கவனிக்க குறிப்பிட்ட எண்ணிக்கையில் 'வொர்க்கர்'கள் இருக்கும், கவுண்டர் மாதிரி. ஒரு வொர்க்கர் சும்மா இருந்தால் உடனே வேலை ஆரம்பிக்கும். எல்லாம் பிஸி என்றால் ரெக்வெஸ்ட் வரிசையில் நிற்கும். சும்மா நிற்கும் அந்த நேரத்தில் சர்வர் அதற்காக ஒரு வேலையும் செய்யவில்லை. ஆனால் போனைப் பிடித்திருப்பவருக்கு அந்த நேரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

0.2 வினாடி எப்படி 3 நிமிடம் ஆகிறது?

ஒரு சின்னக் கணக்கு. எண்கள் உதாரணத்துக்காக மட்டும்.

ஒரு பாஸ் எடுக்க போன் எண், ஓடிபி, வண்டி எண், தேதி என்று மொத்தம் 10 ரெக்வெஸ்ட் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஊட்டிக்கு 8,000, கொடைக்கானலுக்கு 6,000 என்று வார இறுதி வரம்பு முழுவதும் நிரம்பினாலும், ஒரு நாளைக்கு 1,40,000 ரெக்வெஸ்ட். 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் வினாடிக்கு 2 கூட இல்லை. ஒரு சாதாரண சர்வரே அசராமல் சமாளிக்கும்.

ஆனால் ஜனங்கள் 24 மணி நேரமும் சீராகப் பிரிந்து வருவதில்லை. ஏதோ ஒரு நிமிடத்தில் 5,000 ரெக்வெஸ்ட் வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சர்வரில் 4 வொர்க்கர். ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டுக்கும் 0.2 வினாடி வேலை. அப்படியானால் வினாடிக்கு 20 முடியும், நிமிடத்துக்கு 1,200. மீதி 3,800 வரிசையில். கடைசியில் நிற்பவரின் முறை வர 190 வினாடி, அதாவது 3 நிமிடத்துக்கும் மேல்.

இதில் ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டையும் சர்வர் கவனித்தது அதே 0.2 வினாடிதான். வேலை நேரத்தை மட்டும் எழுதும் லாக் ஃபைலில் 5,000 வரியிலும் 0.2 என்றே இருக்கும். தளம் திணறியதற்கு அந்த லாக்கில் தடயமே இருக்காது.

நிஜத்தில் யாரும் 3 நிமிடம் பொறுமையாக இருக்க மாட்டார்கள். 20 வினாடியில் ரீஃப்ரெஷ் அடிப்பார்கள். வீட்டில் இன்னொருவர் தன் போனிலும் முயற்சி பண்ணுவார். பழைய ரெக்வெஸ்ட் பல நேரங்களில் வரிசையிலேயே கிடக்கும். பதிலுக்குக் காத்திருப்பவர் போய்விட்டாலும், முறை வந்ததும் சர்வர் அதற்கான வேலையைச் செய்யும். புதிய ரெக்வெஸ்ட் வரிசையின் கடைசிக்குப் போகும். இப்படி ஆள் இல்லாத டோக்கன்களாலேயே க்யூ நீளும்.

2021 ஏப்ரல் 28-ல் நாடு முழுக்க இதைப் பார்த்தது. 18 வயதைத் தாண்டியவர்களுக்கு கோவின் தளத்தில் தடுப்பூசிப் பதிவு மாலை 4 மணிக்குத் திறந்தது. ஆரம்பத்தில் பலருக்குத் தளம் திறக்கவில்லை, ஓடிபி வரவில்லை. ஆனால் அன்றைய நாள் முடிவதற்குள் 1.3 கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருந்தார்கள். ஐஆர்சிடிசி தளத்தில் ஏசி தட்கல் காலை 10 மணிக்கும், ஏசி அல்லாத தட்கல் 11 மணிக்கும் பிரித்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தாலும் காரணம் புரியும். ஒரே நிமிடத்தில் சேரும் கூட்டத்தைப் பிரித்தால் காத்திருப்பு குறையும்.

90 சதவீதத்தைத் தாண்டினால் ஏன் திடீரென்று திணறுகிறது?

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று பல சர்வர்களைப் பற்றிச் சொல்வார்கள். இதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணிதவியலாளர், 1909-ல் தொலைபேசி அழைப்புகளின் நெரிசலைக் கணக்கிட்டுக் கட்டுரை வெளியிட்டார். க்யூ பற்றிய கணிதம் அங்கிருந்து வளர்ந்தது.

ஒரே ஒரு கவுண்டர். வருபவர்களும் சீராக வருவதில்லை, ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் ஒன்று இல்லை. சராசரி வேலை நேரம் 0.2 வினாடி. கவுண்டர் பாதி நேரம் பிஸியாக இருந்தால், சராசரிக் காத்திருப்பு 0.2 வினாடி. 80 சதவீதம் பிஸி என்றால் 0.8 வினாடி. 90 சதவீதம் என்றால் 1.8. 95 சதவீதம் என்றால் 3.8. 99 சதவீதத்தில் 19.8 வினாடி.

80-லிருந்து 90-க்குப் போகும்போது சர்வரின் வேலை கொஞ்சம்தான் கூடுகிறது. காத்திருப்போ இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிறது. 90-லிருந்து 99-க்குப் போனால் 11 மடங்கு. 'இன்னும் 10 சதவீதம் கொள்ளளவு சும்மாதானே கிடக்கு' என்று நினைக்கும் இடத்தில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. அந்த 10 சதவீதம் வீணாகக் கிடக்கும் இடம் இல்லை. திடீர் கூட்டத்துக்கு மூச்சுவிட வைத்திருக்கும் இடம்.

சராசரி ஏன் போதாது?

ஆயிரம் ரெக்வெஸ்ட் வருகிறது. 950 பேருக்கு 0.3 வினாடியில் பதில். மீதி 50 பேருக்கு 12 வினாடி. மொத்த சராசரி எவ்வளவு? 0.885 வினாடி. "ஒரு வினாடிக்குள் பதில்" என்று அறிக்கையில் எழுதலாம், தப்பும் இல்லை. ஆனால் அந்த 0.885 வினாடி ஒருவருக்குக்கூட நடந்த அனுபவம் கிடையாது. 12 வினாடி காத்திருந்த 50 பேர் அந்த எண்ணுக்குள் காணாமல் போய்விட்டார்கள்.

அதனால்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் 'பி95', 'பி99' என்று பார்ப்பார்கள். நூறு பேரை வேகமாகப் பதில் கிடைத்தவரிலிருந்து வரிசைப்படுத்தினால், 99-வது ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதே பி99. மேலே சொன்ன உதாரணத்தில் பி99 என்பது 12 வினாடி.

பொறுமை இழந்து பக்கத்தை மூடிவிட்டுப் போனவர்களையும் எண்ண வேண்டும். பரவலாகப் பயன்படும் என்ஜின்எக்ஸ் சர்வர் இவர்களை 499 என்ற எண்ணில் குறித்து வைக்கும்; பதில் வருவதற்குள் எதிர்ப்பக்கம் இணைப்பைத் துண்டித்துவிட்டது என்று அர்த்தம். வெற்றிகரமாக முடிந்த ரெக்வெஸ்ட்டுகளை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால், அதிகம் கஷ்டப்பட்டவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள்.

கடிகாரம் எங்கே ஆரம்பிக்கிறது?

சர்வர் லாக்கில் ஒரு நேரத்தைப் பார்த்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

என்ஜின்எக்ஸில் 'ரெக்வெஸ்ட் டைம்' என்பது, பயனரிடமிருந்து முதல் பைட்டைப் படிக்கும்போது ஆரம்பித்து, கடைசி பைட்டை அனுப்பிய பிறகு லாக் எழுதும்போது முடிகிறது. அதற்கு முன்னால் இணைப்பு வாசலில் நின்ற நேரம் அதில் சேராது. 'அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம்' என்பது, பின்னால் இருக்கும் அப்ளிகேஷன் சர்வரிடம் வேலையை ஒப்படைத்துப் பதில் வாங்க ஆன நேரம். அந்த அப்ளிகேஷன், தான் வேலையைக் கையில் எடுத்ததிலிருந்து தனியாக ஒரு நேரம் குறித்துக்கொள்ளும்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் பிடிபடும். அப்ஸ்ட்ரீம் நேரம் 4 வினாடி, அப்ளிகேஷன் சொல்வது 0.2 வினாடி என்றால், மீதி 3.8 வினாடியில் பெரும்பகுதி நடுவில் இருந்த க்யூ. மொத்த ரெக்வெஸ்ட் டைம் 9 வினாடி, அப்ஸ்ட்ரீம் நேரம் 0.3 வினாடி என்றால், தாமதம் பெரும்பாலும் பயனரின் நெட்வொர்க்கில். காட்ரோடு தாண்டி மலை ஏறும்போது சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் காரை ஓரம் கட்டி பாஸ் எடுக்க முயல்பவருக்கு இப்படி ஆகலாம். அதற்கு சர்வரை எவ்வளவு பெரிதாக்கினாலும் பயன் இல்லை. பக்கத்தின் எடையைக் குறைக்க வேண்டும், அல்லது சமவெளியிலேயே பாஸ் எடுக்கச் சொல்லி போர்டு வைக்க வேண்டும்.

முன்வாசலில் இருக்கும் லோடு பேலன்சர் ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டிலும் 'இத்தனை மணிக்கு வந்தது' என்று ஒரு முத்திரை குத்தி அனுப்பும் வழியும் உண்டு. வொர்க்கர் கையில் எடுக்கும்போது அந்த நேரத்தைக் கழித்தால் காத்திருப்பு நேரடியாகக் கிடைக்கும். இரண்டு கணினிகளின் கடிகாரமும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இவ்வளவு அளந்தாலும் ஓடிபி குறுஞ்செய்தி வந்து சேர எடுத்த நேரம் இதில் எதிலும் வராது. அதற்குப் பயனரின் பக்கத்திலிருந்து, முதல் பட்டனிலிருந்து பாஸ் கையில் கிடைக்கும் வரை அளக்க வேண்டும்.

அதே கணக்கு மலைப் பாதையிலும்

வத்தலக்குண்டு வழியும் பழனி வழியும் பெருமாள்மலையில் சேர்ந்து, வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டி கொடைக்கானலுக்குள் நுழைகின்றன. இந்தப் பாதையில் ஒரு சோதனைச் சாவடியைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒரு வண்டியின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து அனுப்ப 20 வினாடி. மூன்று வரிசை. மணிக்கு 540 வண்டி போகும்.

வார இறுதி வரம்பான 6,000 வண்டிகளும் 12 மணி நேரத்தில் சீராக வந்தால் மணிக்கு 500. சமாளிக்கலாம், ஆனால் கவுண்டர்கள் ஏற்கெனவே 90 சதவீதத்துக்கு மேல் பிஸி. அதே 6,000 வண்டியும் காலை 6 மணி நேரத்துக்குள் வந்தால் மணிக்கு 1,000. ஒவ்வொரு மணிக்கும் 460 வண்டி தேங்கும். இரண்டே மணி நேரத்தில் 920 வண்டி. ஒரு வண்டிக்கு 6 மீட்டர் என்று வைத்து ஒரே வரிசையாக நிறுத்தினால் ஐந்தரை கிலோமீட்டர். கடைசி வண்டிக்கு 100 நிமிடத்துக்கும் மேல் காத்திருப்பு. அதற்குப் பின்னால் ஆம்புலன்ஸும் உள்ளூர்ப் பேருந்தும் மாட்டலாம்.

இங்கே நாள் கணக்கில் வரம்பு மீறப்படவே இல்லை. நாள் வரம்பு சரியாக இருந்தும் மணிக் கணக்கு தவறினால் நெரிசல் வரும். பாஸில் தேதியோடு நுழையும் நேரமும் இருந்தால் இதைப் பிரிக்க முடியும்.

இந்தக் காத்திருப்பை அளக்க ஒவ்வொரு காரையும் பின்தொடர வேண்டியதில்லை. 1961-ல் ஜான் லிட்டில் என்பவர் நிரூபித்த எளிய விதி இருக்கிறது: வரிசையில் இருக்கும் எண்ணிக்கையை, நிமிடத்துக்கு எத்தனை நகர்கிறது என்பதால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு. 180 கார் நிற்கிறது, நிமிடத்துக்கு 9 கார் போகிறது என்றால் 20 நிமிடம். ஒரு கேமராவும் ஒரு கவுண்டரும் போதும். சர்வரின் க்யூவுக்கும் இதே விதிதான்.

லாக்கில் வராத காத்திருப்பு

சர்வர் வேகமாகப் பதில் சொல்லியும் மக்கள் காத்திருந்த அனுபவம் தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. 2020 கொரோனா ஊரடங்கில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும். விண்ணப்பம் பதிவானது என்ற பதில் உடனே வந்துவிடும். ஆனால் அனுமதி கிடைப்பது அதிகாரிகளின் பரிசீலனைக்குப் பிறகுதான். அந்த ஆண்டு ஆகஸ்ட் 17 முதல், ஆதார் அல்லது ரேஷன் அட்டை எண்ணோடு விண்ணப்பிப்பவர்களுக்குத் தாமதமின்றி பாஸ் என்று நடைமுறை மாறியது. குறைந்தது சர்வரின் நேரம் இல்லை, ஒப்புதலுக்கான காத்திருப்பு.

உச்சவரம்பு இருக்கும் இன்னொரு இடத்திலும் இது ஒளிந்துகொள்ளும். 'இந்தத் தேதிக்கு இடமில்லை' என்ற பதிலை சர்வர் 0.1 வினாடியில் கொடுத்துவிடும். லாக்கைப் பொறுத்தவரை அது மிக வேகமான, வெற்றிகரமான பதில். அந்தக் குடும்பத்துக்கோ அடுத்த வாரம் வரை காத்திருப்பு. ரூம் புக் செய்து முன்பணம் கட்டியிருந்தால் பண நஷ்டம். அவர்கள் வருவார்கள் என்று காத்திருந்த டாக்ஸிக்காரருக்கும் ஹோட்டல்காரருக்கும் ஒரு நாள் வருமானம்.

அப்படியானால் எந்த எண்களைக் கேட்க வேண்டும்?

'இத்தனை லட்சம் பாஸ் கொடுத்தோம்' என்ற எண் முடிந்த வேலையைச் சொல்கிறது. காத்திருப்பை அது சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள நான்கு எண்கள் வேண்டும். முதல் பட்டனிலிருந்து பாஸ் வரை நூற்றில் 95 பேருக்கு எத்தனை நிமிடத்துக்குள் முடிந்தது? பாதியில் விட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? 'இடமில்லை' என்ற பதில் எந்தெந்தத் தேதிக்கு எத்தனை பேருக்குப் போனது? சோதனைச் சாவடியில் மணிவாரியாக எவ்வளவு காத்திருப்பு?

இதில் முதல் மூன்றும் எந்த பாஸ் தளத்தின் லாக்கிலிருந்தும் எடுக்கக்கூடியவை. நான்காவதுக்குச் சாலையில் ஒரு கேமரா வேண்டும். நான்கும் வந்தால், மலைக்கு ஒரு நாளில் எத்தனை வண்டி என்ற வாதத்தோடு, எந்த மணி நேரத்தில் எத்தனை வண்டி என்ற கேள்விக்கும் பதில் தேட முடியும். அதுவரை வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணிக்குப் பதிலாகப் புதன்கிழமை மத்தியானமே பாஸ் எடுத்து வைப்பதும், விடியற்காலை கூட்டத்தோடு கிளம்பாமல் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ கிளம்புவதும்தான் பயணியின் கையில் இருக்கும் வழி.